மூன்று விலைப்புள்ளிகள்

மின்சாரம் போனபோது மணி மூன்று பத்து.
மழையும் அப்போதுதான் வந்தது.
இந்த ஊரில் இரண்டுக்கும் ஒரே பேருந்து.

கூட்டரசுப் பல்கலைக்கழகம், தபஜோஸ் ஆற்றங்கரை,
மூன்றாம் கட்டடம், நீர்வாழ் உயிர் ஆய்வகம்.
கதவில் ஒட்டியிருக்கும் ‘திறந்த கையோடு மூடவும்’
என் எழுத்து.
பதினோரு வருடமாக இந்த உறைபெட்டிகளுக்கு நான்தான் தாதி.
கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்வார்கள்
ஒருமுறை ஜுசினெய்டிக்கு,
ஒருமுறை ஜுசிலெய்டிக்கு.

ஜெனரேட்டர் இருக்கிறது. டீசல் இல்லை.
டீசல் கேட்ட கோப்பு ஆகஸ்டிலிருந்து தலைநகரில்
ஏதோ ஒரு குளிரூட்டிய அறையில்
கெடாமல் இருக்கிறது.

பெரிய பெட்டி தாங்கும். மைனஸ் எண்பது.
கதவைத் தொடாவிட்டால் இரவுவரை முறைத்துக்கொண்டு நிற்கும்.
பயமெல்லாம் மூலையிலிருக்கும் கிழட்டுப் பெட்டியைப் பற்றித்தான்:
நேற்றுப் படகில் வந்த நூற்று நாற்பது மீன்,
இன்னும் அறுக்காதவை,
வாலில் எண் மட்டும் கட்டியவை.
வல்கீரியா அதன் மூடிமேல் படுத்திருந்தாள்.
இறங்கு பெண்ணே, உன் உடம்பும் ஓர் அடுப்பு என்றேன்.
மூன்று வாரம் படகில், வயிற்றுப்போக்கோடு,
வலை இழுத்தவள். இறங்கினாள்.

மேலே, ஆறு பிறக்கும் பக்கம், தங்கம் தோண்டுகிறார்கள்.
தங்கம் தங்காது, விமானம் ஏறிவிடும்.
அதைப் பிடிக்கக் கொட்டிய பாதரசம்தான்
தங்கும். சேற்றில், பூச்சியில், சின்ன மீனில்,
சின்னதைத் தின்ற பெரிய மீனில்.
எங்கள் வேலை அதை எண்ணுவது.

ஐஸ் வாங்கலாம். விதி உண்டு:
அரசுப் பணத்தில் எது வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி.
மழையில் நனைந்தபடி மீன்துறையில் ஓசிமாரிடம் சொன்னேன்.
அவன் கை மடக்கினான்:
ஒன்று, என் விலை.
இரண்டு, எதிர்க்கடை என் மச்சான் விலை, அவன் தூங்குகிறான்.
மூன்று, மழை விட்ட பிறகு என் விலை.
முதலாவதை எழுதிக்கொள்.

பதினெட்டு மூட்டை, மூன்று தள்ளுவண்டி.
துணைவேந்தர் அறையைத் தாண்டி, பளிங்குத் தரையில்
மீன் நாற்றத்தோடு தண்ணீர் கோடு போட்டபடி வந்தது ஐஸ்.
காவலாளி அடைல்டோ அடையாள அட்டை கேட்டான்.
ஐஸிடம் கேள் என்றேன்.

அடுக்கினோம். ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு ஐஸ்,
சந்தையில் அடுக்குவதுபோலவே.
ஓசிமாரின் கை எங்களைவிட வேகம்.
ஒரு துகுனாரேயைத் தூக்கி எடைபார்த்தான்,
பழக்க தோஷம், செவுளைத் திறந்து மோந்தான்.
நல்ல மீன், என்றான்.
பிறகு, எண்ணைப் பார்த்தபடியே,
இதைத் தின்னலாமா?

வல்கீரியா என்னைப் பார்த்தாள்.
முடிவுகள் மதிப்பாய்வில் இருக்கின்றன,
வெளியாகும்வரை யாரும் பேசக்கூடாது.
அந்தச் சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

சின்ன ஜராக்கி தின்னு, என்றேன்.
சேறு மேய்கிற மீன், பாதகமில்லை.
மீன் தின்கிற பெரிய மீனைக் குறைத்துக்கொள்.
வயிற்றில் பிள்ளை உள்ளவளுக்கு அதைக் கொடுக்கவே கொடுக்காதே.

அவன் ஈர நோட்டுகளை எண்ணினான்.
ஒருமுறை. மறுபடியும்.
பெரியதுதானே விலை போகும், என்றான்,
என்னிடம் இல்லை, நோட்டுகளிடம்.

ஆறு நாற்பதுக்கு விளக்கு வந்தது.
வல்கீரியா மூடியைத் திறந்து
கெட்டிருக்குமா அக்கா என்றாள்.
மீன் கெடலாம்.
உனக்கு வேண்டியது கெடாது, போய்த் தூங்கு.

பதிவேட்டில் எழுதினேன்:
மின்தடை, மூன்றரை மணி நேரம்.
ஐஸ், பதினெட்டு மூட்டை.
விலைப்புள்ளிகள், மூன்று.
காரணம் என்ற கட்டம் சின்னது.
மழை என்று எழுதினேன்.